செய்தவர் யாரென்று எழுத வேண்டுமா, மிஸ்?

பி.எட். படித்தபோது கற்பித்தல் பயிற்சிக்காக என்னைக் காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஏழாம் வகுப்பு, ஆங்கிலம். முதல் வாரம் நான் எடுத்துக்கொண்டது ஓர் உரையாடல் பயிற்சி. வீட்டுக்கு ஒரு தோழி வருகிறாள். அவளை உள்ளே அழைத்து, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நலம் விசாரிக்க வேண்டும். அவ்வளவுதான். இதைவிட எளிய பாடம் இருக்காது என்று நினைத்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

வீட்டிலிருந்து ஒரு சொம்பும் எவர்சில்வர் டம்ளரும் கொண்டு போயிருந்தேன். ஆசிரியர் மேசையை ஒருபக்கமாகத் தள்ளி, இரண்டு நாற்காலி போட்டு அதை வீடாக்கினேன். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக வந்து பேசினார்கள். "ப்ளீஸ் கம் இன்." "தேங்க் யூ." "ப்ளீஸ் சிட் டவுன். ஹேவ் சம் வாட்டர்." ஒருத்தி வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். ஒருத்தி தண்ணீரை உண்மையாகவே மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். வகுப்பே சிரித்தது. எனக்கும் பதற்றம் போயிருந்தது.

கடைசி பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வழிகாட்டி ஆசிரியை. அந்த வகுப்புக்கு வழக்கமாக ஆங்கிலம் எடுப்பவர் அவர்தான். என் பாடத்தைக் கவனித்துக் குறிப்பெழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவர். மற்றவள் என் தோழி, என்னோடு பி.எட். படிப்பவள். சக மாணவியின் வகுப்பைப் பார்த்துக் கருத்து எழுதுவதும் எங்கள் பயிற்சியில் அடக்கம். அவளுடையது ஊருக்குள்ளேயே பட்டு நெசவுக் குடும்பம். அவளுடைய அண்ணன் மகள் அதே வகுப்பில் முதல் வரிசையில் இருந்தாள். அத்தை வந்திருக்கிற பெருமையில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முறை வந்தது. அவள் வீட்டுக்காரி. விருந்தாளியாக நான் கூப்பிட்டது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒல்லியான பெண்ணை. கையைத் தூக்காத பிள்ளைகளையும் பேச வைக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் அவளைக் கூப்பிட்டேன்.

"ப்ளீஸ் கம் இன்" என்றாள் தோழியின் அண்ணன் மகள், கணீரென்று. ஒல்லிப்பெண் வந்தாள். "ப்ளீஸ் சிட் டவுன்." உட்கார்ந்தாள். அடுத்து டம்ளரை எடுக்க வேண்டும். வீட்டுக்காரி டம்ளர் வரை கையைக் கொண்டுபோனவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மிஸ், பேப்பர் கப் இருக்குதா?"

"எதுக்குமா? டம்ளர் இருக்குதே."

"இவளுக்கு மிஸ். எங்க வூட்ல காலனிக்காரங்க வந்தா பேப்பர் கப்லதான் தண்ணி குடுப்பாங்க. அப்பறம் தூக்கிப் போட்ருவாங்க." நான் புரியாமல் நிற்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, உதவி செய்கிற குரலில் சேர்த்துக்கொண்டாள். "ஒங்களுக்கும் அதுலதான குட்தோம் மிஸ், திருவிழாவுக்கு வந்தப்போ?"

அவள் முகத்தில் துளிக்கூடக் கெட்ட எண்ணம் இல்லை. பாடத்தை ஒழுங்காகச் செய்கிறோம் என்ற மலர்ச்சிதான் இருந்தது. வீட்டில் எப்படி நடக்குமோ அப்படியே நடித்துக் காட்டுங்கள் என்று சொன்னது நான்தானே.

கடைசி பெஞ்சைப் பார்த்தேன். தோழி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அல்லது எழுதுவது போலிருந்தாள்.

அப்போது ஒல்லிப்பெண் நாற்காலியை விட்டு எழுந்தாள். "தேங்க் யூ. ஐ ஆம் நாட் தர்ஸ்ட்டி" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னலோரம் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தாகமில்லை என்ற அந்த வாக்கியம் என் பாடத்தில் கிடையாது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை. எங்கே கற்றுக்கொண்டாள், எத்தனை முறை தமிழில் அதைச் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். மணி அடித்தது. வழிகாட்டி ஆசிரியை வந்து என் தோளைத் தட்டினார்.

"கண்டுக்காதம்மா. கொழந்தைங்க. அதுங்களுக்கு இன்னா தெரியும்?"

திருவிழாவுக்குத் தோழி வீட்டுக்குப் போனது உண்மை. சாமி புறப்பாடு பார்த்துவிட்டுக் கூட்டத்தோடு அவள் வீட்டுக்குள் நுழைந்தோம். முன்னறையில் தறி. பாவு பூட்டி, பாதி நெய்த சேலை அதிலேயே இருந்தது. அவள் அண்ணி எல்லோருக்கும் காபி கொண்டுவந்தார். மற்றவர்களுக்கு டம்ளர் டபராவில். எனக்குப் பேப்பர் கப்பில். கூட்டத்தில் டம்ளர் பத்தவில்லை போலிருக்கிறது என்று கூட நான் நினைக்கவில்லை. விருந்தாளிக்குப் புதுக் கப் கொடுக்கிறார்கள், எவ்வளவு நாகரிகம் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லவும் செய்தேன். "அவங்க வூட்ல அவ்ளோ சுத்தம்மா."

அன்று மாலை பள்ளி விட்டதும் தோழியும் நானும் பேருந்து நிலையம் வரை ஒன்றாக நடந்தோம். எப்போதும் ஓயாமல் பேசுகிறவள் அன்று தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவள் என்னோடு ஒரு வருடத்துக்கு மேலாக ஒரே சோற்றுப் பாத்திரத்தில் சாப்பிட்டவள். என் அம்மா செய்கிற கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு மதியம் முன்னாடியே வந்து உட்காருவாள். அவளுடைய சாம்பார் சாதத்தை நானும் என் குழம்பை அவளும் மாற்றிக்கொள்வோம். அதனால்தான் அந்தப் பேப்பர் கப் எனக்கு விளங்கவில்லை.

ஒருவழியாக அவளே ஆரம்பித்தாள். "கொழந்த ஏதோ ஒளறிட்ச்சு பா. மனசுல வெச்சிக்காத."

"ஒளறல. கரெக்டா சொன்னா. அன்னிக்கு எனக்கு மட்டும் பேப்பர் கப்பு. நீ பக்கத்துலதான் ஒக்காந்துகினு இருந்த. ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

பேருந்துகள் வந்து போய்க்கொண்டிருந்தன. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு இரவு ஷிப்ட் போகிறவர்கள் ஓடி ஏறினார்கள். அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"அப்பறம் ஏன் என்னைக் கூட்டிக்கினு போன?"

"ஒனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

அவள் அதைச் சமாதானமாகத்தான் சொன்னாள். எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டால் எனக்கு வலிக்காது என்று உண்மையாகவே நம்பியிருக்கிறாள். அந்த நல்லெண்ணத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் பேருந்து வந்ததும் ஏறிவிட்டேன். கையசைக்கவில்லை.

எங்கள் வீடு திருப்புட்குழிப் பக்கம் காலனியில். தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா கம்பெனி வேன் ஓட்டுகிறார். அம்மா தையல் மெஷின் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச். படித்து ஆசிரியை ஆகிவிட்டால் மற்றதெல்லாம் தானாகக் கீழே உதிர்ந்துவிடும் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் நான் அப்படித்தான் வளர்ந்திருக்கிறேன்.

அம்மா ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தார். பள்ளியில் நடந்ததைச் சொன்னேன். ஊசி நிற்கவில்லை.

"அன்னிக்கு நான் காபி குடிச்சத சொன்னப்பவே ஒனக்குப் புரிஞ்சிடுச்சாம்மா?"

"புரியாம?"

"ஏன் சொல்லல?"

"நீ சந்தோஷமா சொல்லிக்கினு இருந்த." நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். "அத ஏன் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்."

ஆக, தோழிக்குத் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஏழாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரிந்திருக்கிறது. ஆசிரியப் பயிற்சி பெறுகிற எனக்கு மட்டும் தெரியவில்லை.

அந்த வார இறுதியில் கல்லூரியில் கலந்துரையாடல். பயிற்சிப் பள்ளிகளில் என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். நடத்தியவர் எங்கள் ஆங்கிலப் பேராசிரியர். அமைதியான மனிதர். அந்தப் பருவத்தில்தான் அவர் எங்களுக்கு வகுப்பறையில் இன நீதி என்ற பகுதியை நடத்தி முடித்திருந்தார். அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகள் தங்கள் வீட்டில் பேசுகிற ஆங்கிலத்தை வகுப்பில் பேசினால் அதைத் தப்பு என்று சொல்லி ஒதுக்கும் ஆசிரியர்களைப் பற்றியெல்லாம் சொன்னார். நாங்கள் கொதித்தோம். "இப்டியும் மனுஷங்க இருப்பாங்களா சார்?" என்று கேட்டவள் என் தோழி. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. தேர்வில் அந்தக் கேள்விக்கு எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினோம்.

என் முறை வந்தபோது நடந்ததைச் சொன்னேன். யார் வீட்டுக் குழந்தை என்று சொல்லவில்லை. எனக்கும் பேப்பர் கப்பில் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லவில்லை. தோழி எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

பேராசிரியர் மற்றவர்களைக் கேட்டார். "இந்த எடத்துல ஒரு டீச்சர் என்ன பண்ணணும்? சொல்லுங்க."

"டாபிக்க மாத்தலாம் சார். ரயில்வே ஸ்டேஷன்ல டிக்கெட் வாங்கறதுன்னு வெச்சா பிரச்சினையே இல்ல."

"அந்த ரெண்டு பேரையும் ஜோடி சேத்திருக்கக் கூடாது."

"தண்ணிய வெட்டிட்டு பிஸ்கட் பாக்கெட் குட்த்திருக்கலாம்."

"சிரிச்சிக்கினே ஒரு மாரல் சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கணும். மிஸ் ஷாக் ஆனதுனாலதான் பெரிசாச்சு."

ஒவ்வொரு பதிலும் சரியான பதில் சொல்கிற முகத்தோடு வந்தது. கெட்டவர்கள் யாரும் அந்த வகுப்பில் இல்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெராக்ஸ் பகிர்ந்துகொண்டவர்கள்தான். ஆனால் தாகமில்லை என்று எழுந்து போன பெண் அப்புறம் என்ன ஆனாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் காத்துக்கொண்டே இருந்தேன். கேட்கவே இல்லை.

"சார்," என்று எழுந்தேன். "அமெரிக்கா பாடத்துல நாம எல்லாரும் அந்த டீச்சரத்தான திட்டினோம்? டாபிக் மாத்தலாம்னு அப்போ யாருமே சொல்லலியே?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மணி அடிக்கும் முன்பே "இன்னிக்குப் போதும்" என்று கிளம்பிவிட்டார். வராந்தாவில் என்னைக் கடந்து போகும்போது நின்றார். "அடுத்த வாரம் ஒங்க கிளாஸுக்கு நான் வர்றேன். எந்தப் பாடம் வேணும்னாலும் எடுங்க."

எந்தப் பாடம் வேண்டுமானாலும் எடுக்கிற சுதந்திரம் எனக்கு இல்லை. திங்கட்கிழமை வழிகாட்டி ஆசிரியை ஓய்வறையில் என்னை உட்கார வைத்து, தன் டிபன் பாக்ஸிலிருந்து ஓர் இட்லியை என் தட்டில் வைத்துவிட்டு அன்பாகச் சொன்னார்.

"பேரன்ட்ஸ் சைடுலேர்ந்து பேச்சு வந்துடுச்சும்மா. கொழந்தைய தண்ணி குடுக்கச் சொல்லி கம்பெல் பண்றாங்கன்னு. இனிமே ரோல்-பிளே எல்லாம் வேணாம். கிராமர் எடு. கிராமர்ல ஒரு வம்பும் வராது."

அவர் நல்லவர். அந்தப் பள்ளியில் பிள்ளைகளிடம் கை நீட்டாத ஓரிரு ஆசிரியைகளில் ஒருவர். மதியம் சாப்பாடு கொண்டுவராத பிள்ளை யார் என்று பார்த்துக் கேட்பவர். அவர் சொன்னதை மறுக்க எனக்குத் தோன்றவில்லை.

வகுப்புக்குள் போகும்போது தோழியின் அண்ணன் மகள் வாசலில் நின்றிருந்தாள். அவள் முகம் வாடியிருந்தது.

"என்னம்மா?"

"வூட்ல அடிச்சாங்க மிஸ்."

எனக்கு ஒரு கணம் மனம் லேசானது. பரவாயில்லை, பெரியவர்களுக்கு உறைத்திருக்கிறது என்று நினைத்தேன். "ஏன் அடிச்சாங்க?"

"வூட்ல நடக்கறத வெளிய சொல்லுவியான்னு அடிச்சாங்க."

நான் அவள் தலையில் கை வைத்தேன். யாருக்கு எதில் தண்ணீர், எதை வெளியே சொல்லக் கூடாது என்று குழந்தை இரண்டு பாடம் கற்றுக்கொண்டிருந்தது. இரண்டையும் பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்று எடுத்தது செயப்பாட்டு வினை. பின் பெஞ்சில் வழிகாட்டி ஆசிரியை. அவர் பக்கத்தில் எங்கள் பேராசிரியர். தோழி அன்று வேறு வகுப்புக்குப் போயிருந்தாள். பலகையில் இரண்டு மூன்று எடுத்துக்காட்டு எழுதி, செய்தவரைக் கடைசியில் 'பை' போட்டு எழுத வேண்டும் என்று விளக்கினேன். செய்தவர் யாரென்று தெரியாவிட்டால் விட்டுவிடலாம், சொல்ல விருப்பமில்லாவிட்டாலும் விட்டுவிடலாம், வாக்கியம் தப்பாகாது என்றேன். பிறகு ஆளுக்கொரு வாக்கியம் சொந்தமாகச் சொல்லச் சொன்னேன். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றையும் பலகையில் எழுதினேன்.

"தி மேங்கோ வாஸ் ஈட்டன் பை மை பிரதர்." சிரிப்பு. "தி பால் வாஸ் லாஸ்ட்." நல்லது. தோழியின் அண்ணன் மகள் கொஞ்சம் தயங்கி எழுந்தாள். "தி சாரீ வாஸ் வோவன் பை மை ஃபாதர்." சேலை என் அப்பாவால் நெய்யப்பட்டது. வெரி குட் என்றேன். பலகையில் எழுதியதும் அவள் முகம் பழையபடி மலர்ந்தது.

ஜன்னலோரத்தில் ஒரு கை உயர்ந்தது. அந்தப் பெண் தானாகக் கை தூக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மை மதர் இஸ் நாட் அலவ்டு இன் தி கிச்சன்."

என் அம்மா சமையலறைக்குள் அனுமதிக்கப்படுவதில்லை. வாக்கியம் சரி. சாக்பீஸை வைத்துக்கொண்டு நின்றேன். அவளுடைய அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

"மிஸ், 'பை' போடணுமா?"

"தெரியலன்னா வேணாம்மா."

"தெரியும் மிஸ்." அவள் கண் என்னைத் தாண்டி வகுப்பின் கடைசிக்குப் போய் வந்தது. "ஆனா எப்டி எழுதறதுன்னு தெரியல. 'பை மிஸ்'னு எழுதணுமா, 'பை தி டீச்சர்'னு எழுதணுமா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. அவள் என்னைத்தான் சொல்கிறாளோ என்று கூட நினைத்தேன். பிறகு பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் பின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இவள் அம்மா யார் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார், பின்வாசலில் உட்கார்ந்து தேய்த்துவிட்டுப் பாத்திரத்தை எங்கே கவிழ்த்துவிட்டு வருகிறார் என்பதெல்லாம் அந்த வகுப்பு முழுவதற்கும் தெரிந்திருந்தது. வழிகாட்டி ஆசிரியையின் பேனா நோட்டின் மேல் அப்படியே நின்றது. கொழந்தைங்க, அதுங்களுக்கு இன்னா தெரியும் என்று அவர் சொன்னது அப்போது என் காதில் ஒலித்தது.

பேராசிரியர் எழுந்து ஏதாவது சொல்லி என்னைக் காப்பாற்றுவார் என்று ஒரு நொடி எதிர்பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது இலக்கணம். இதுவரை சொன்ன அத்தனை பிள்ளைகளின் வாக்கியத்தையும் நான் பலகையில் எழுதியிருந்தேன். மாம்பழம் இருந்தது, பந்து இருந்தது, சேலை இருந்தது. இவளுடையதை மட்டும் விட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று இவளுக்கு விளக்க வேண்டியதே இல்லை.

"பை தி டீச்சர்," என்றேன். திரும்பி முழு வாக்கியத்தையும் எழுதினேன். "கரெக்ட். உக்காரும்மா. அடுத்து யாரு?"

அடுத்து யாரும் கை தூக்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வழிகாட்டி ஆசிரியை வெளியே போய்க்கொண்டிருந்தார்.

ஓய்வறையில் அவர் அழுதுகொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றேன். என்னைப் பார்த்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினார்.

"அவங்களுக்கு நான் எவ்ளோ பண்ணியிருக்கேன்னு ஒனக்குத் தெரியுமா? இந்தப் பொண்ணுக்கு நோட்டு, பேக், பொங்கலுக்குத் துணி, எல்லாம் நான்தான். கிச்சன் எங்க மாமியாரோட பழக்கம். அவங்க இருக்கற வரைக்கும் நான் இன்னா பண்ண முடியும்? சொல்லு." முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "சரி, அது கொழந்த, சொல்லிடுச்சு. நீ ஏம்மா போர்டுல எழுதின?"

"எல்லாரோடதயும் எழுதினேன் மேடம்."

அதற்குமேல் அவர் என்னோடு பேசவில்லை. பயிற்சி முடியும் வரைக்கும் பேசவில்லை. என் பதிவேட்டில் கையெழுத்தும் போடவில்லை. பேராசிரியர் தானே போட்டுக் கொடுத்தார்.

பள்ளிக்கு வெளியே அவர் தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே என்னோடு கொஞ்ச தூரம் நடந்தார். "இவ்ளோ வருஷமா அந்த யூனிட்ட நடத்தறேன்மா. கேள்வித்தாள்ல வர்றதுன்னு மட்டுந்தான் நெனச்சிக்கினு இருந்திருக்கேன் போல." சாலையில் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. "இன்னிக்கு ஒங்களுக்கு என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல. சரியா பண்ணீங்களா, தப்பா பண்ணீங்களான்னும் தெரியல." நான் தலையாட்டினேன். அவ்வளவு நேர்மையாக எந்த ஆசிரியரும் அதுவரை என்னிடம் பேசியதில்லை. ஆனால் அது எனக்கு உதவவும் இல்லை.

அடுத்த வாரம் அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. விசாரித்ததில், அவளுடைய அம்மாவை இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டைக் கேட்டுக்கொண்டு கிளம்பினேன். தோழி பின்னால் ஓடி வந்தாள். "நானும் வரட்டா பா?" என்றாள். "வேணாம்" என்று சொல்லிவிட்டேன்.

வேகவதி ஆற்றங்கரையை ஒட்டிய தெரு. அவளுடைய அம்மா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"நீதானா அது? வா. ஒன்னியத்தான் பாக்கணும்னு இருந்தேன். நீ பாட்டுக்கு போர்டுல எழுதிப்புட்டு போயிட்ட. இன்னும் ஒரு மாசத்துல ட்ரெயினிங் முடிஞ்சி ஊரு பாக்கப் போயிடுவ. நாங்க எங்க போறது? என் பொண்ணு அதே ஸ்கூல்லதான படிக்கணும்? அதே டீச்சர்கிட்டதான படிக்கணும்?"

"தப்புதாங்க்கா. நான் அத யோசிக்கல."

"யோசிக்கல. அதான் இன்னான்றேன், நம்ம பொண்ணா இருந்துக்கினு யோசிக்காம பண்ணிட்ட."

திட்டினார். நன்றாகத் திட்டினார். நான் நின்று கேட்டேன். அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. தெருவில் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிழிந்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அவர் குரல் தணிந்தது. கடைசித் துணியை உதறும்போது முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"இங்கிலீஷ்ல சொன்னாளாமே?"

"ஆமாக்கா."

"தப்பில்லாம சொன்னாளா?"

"ஒரு தப்பு இல்லக்கா."

துணியின் சுருக்கத்தை இழுத்து நேராக்கிக்கொண்டே நின்றார். வீட்டுக்குள்ளிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். அருகில் கூப்பிட்டேன். பல நாளாக என்னைக் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டேன். "மேடம் பின்னாடி ஒக்காந்துகினு இருக்காங்கன்னு தெரிஞ்சிதான் சொன்னியாம்மா?"

"நீங்கதான மிஸ் சொந்தமா ஒண்ணு சொல்லச் சொன்னீங்க?" என்றாள் அவள். நான் வேறு எதையும் கேட்டிருக்க முடியாது என்பது போல் என்னைப் பார்த்தாள்.

மறுவாரம் அவள் பள்ளிக்கு வந்தாள். சில மாதங்கள் கழித்து அவளுடைய அம்மாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். காலையில் இருட்டோடு பஸ் ஏற வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார்கள். நல்லதா கெட்டதா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எங்கள் பேராசிரியர் அந்தப் பகுதியை இப்போது வேறு மாதிரி நடத்துகிறார் என்று அங்கே படிக்கிறவர்கள் சொல்கிறார்கள். அமெரிக்கப் பாடத்துக்குப் போவதற்கு முன்னால், உங்கள் பயிற்சிப் பள்ளியில் எந்தப் பிள்ளை எங்கே உட்காருகிறது, யார் வாசிக்கிறார்கள், யார் பெருக்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்புகிறாராம். பார்த்துவிட்டு வருகிறவர்கள் வகுப்பில் என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்களாம்.

தோழியும் நானும் இப்போது ஆசிரியைகள். வேறு வேறு ஊரில். பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவாள், நானும் அனுப்புவேன். போன வருடம் அவளுக்குக் கல்யாணம். வீட்டுக்கு வந்து பத்திரிகை வைத்தாள். அம்மா போட்ட டீயைக் குடித்தாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்டிப்பா வா பா" என்றாள். மண்டபத்துக்குப் போனேன். எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். மறுநாள் தறி இருந்த அந்த வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். இன்னும் போகவில்லை.